ஆய்வு நிதியில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு உரிய பங்கு
கொல்கத்தாவில் பணியாற்றும் தமிழ் ஆசிரியர்கள், ஆய்வாளர்கள் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

இந்தியாவில் உயர்கல்வி பயிலும் மாணவர்களில் ஐந்தில் நால்வர் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் இணைப்புக் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். ஆனால் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் வழங்கிய நிதியில் 65 விழுக்காடு ஐஐடிகளுக்கும் 11 விழுக்காடு மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் சென்றதாக 2023-ல் ஒன்றிய அரசே தெரிவித்தது. அந்த வாரியத்தின் இடத்துக்கு இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்திருக்கிறது. அதன் ஐந்தாண்டு இலக்கான 50,000 கோடி ரூபாயில் அரசு தருவது 14,000 கோடி. மிச்சம் தனியாரிடமிருந்து திரட்டப்பட வேண்டும். அரசு தரும் தொகையில் நான்கில் ஒரு பங்கை, தனித்தனித் திட்டங்களோடு கட்டிவிடாமல், ஆண்டுதோறும் தவறாது வரும் அடிப்படை நிதியாக மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

இப்படிப்பட்ட நிதி என்ன செய்யும் என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 1857-ல் தொடங்கிய கல்கத்தா பல்கலைக்கழகம் நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதோடு நின்றது. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அதை ஆய்வுக்களமாக மாற்ற முனைந்தபோது வழக்கறிஞர்கள் தாரக்நாத் பாலித்தும் ராஷ்பிகாரி கோஷும் பல லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 1914-ல் ராஜாபஜாரில் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் இன்ன கண்டுபிடிப்பு வேண்டும் என்று அந்த நன்கொடைகள் கேட்கவில்லை. நிலையான பேராசிரியர் பதவிகளை உருவாக்கின. நிதித்துறை அதிகாரியாக இருந்த சி.வி. ராமன், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 1917-ல் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். சத்யேந்திரநாத் போஸும் மேக்நாத் சாகாவும் அங்கே இளம் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தார்கள். பவுபஜாரின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் 1928-ல் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோதும் அவர் அதே பதவியில்தான் இருந்தார். அவரோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். ஆய்வும் வகுப்பறையும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால்தான் ஆசிரியருக்கு அப்படி ஒரு மாணவர் கிடைத்தார்.

விடுதலைக்குப் பின் இரண்டும் விலகின. பல்கலைக்கழகத்துக்குள் சாகா வளர்த்த அணு இயற்பியல் நிறுவனம் பிற்பாடு அணுசக்தித் துறையின் குடைக்குள் போனது. பிரசிடென்சி கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1959-ல் தேசிய முக்கியத்துவம் பெற்றது. அவை ஓங்கி வளர்ந்ததில் எங்களுக்குக் குறையில்லை. அவற்றை ஈன்ற கல்விக்கூடங்களை மறந்ததுதான் குறை. 2019-ல் ஒன்றிய அரசின் மேன்மைமிகு நிறுவனத் தகுதிக்கு ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கப்பட்டன. ஐஐடிகளுக்கு இல்லாத ஒரு நிபந்தனை இவற்றுக்கு இருந்தது: மாநில அரசும் நிதியில் பங்கு தர வேண்டும். இங்கே அந்தப் பங்கு வரவில்லை. சென்னையில் இட ஒதுக்கீடு பற்றிய ஐயமும் சேர்ந்துகொண்டது. இரண்டுமே கைகூடவில்லை.

குறைவான பணத்தைப் பலருக்கும் பிரித்தால் யாருக்கும் பயனில்லை, சிறந்த சில இடங்களில் குவிப்பதே அறிவு என்பது முதல் மறுப்பு. கணக்கைப் பார்ப்போம். நாங்கள் கேட்பது ஐந்தாண்டுக்கு 3,500 கோடி, அதாவது ஆண்டுக்கு 700 கோடி. சுமார் 500 பல்கலைக்கழகங்களுக்குச் சராசரியாகத் தலா 1.4 கோடி. முனைவர் பட்ட ஆய்வாளர்களின் எண்ணிக்கைப்படி பகிர்ந்தால் சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும். இந்தத் தொகையில் பெரிய கருவி எதுவும் வாங்க முடியாது. ஆனால் இருக்கும் கருவியைப் பழுதுபார்க்கவும், வேதிப்பொருள் வாங்கவும், தொழில்நுட்ப உதவியாளருக்குச் சம்பளம் தரவும் முடியும். திட்ட நிதி முடிந்ததும் ஆய்வுக்கூடம் பூட்டப்படுவது இவை இல்லாததால்தான். மேலும், எது சிறந்த இடம் என்று முன்கூட்டியே எவராலும் சொல்ல முடியாது. காலராக் கிருமி வெளியிடும் நச்சே நோய்க்குக் காரணம் என்று 1959-ல் சம்புநாத் டே நிறுவியது கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிச் சூழலில், முயல்களின் குடலில் செய்த எளிய சோதனைகளால்.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் அரசியல் மிகுதி, அங்கே பணம் கொடுத்தால் வீணாகும் என்பது இரண்டாவது மறுப்பு. நோய் உண்மைதான். துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநரும் மாநில அரசும் மோதிக்கொண்டதால் மேற்கு வங்கத்தில் பல பல்கலைக்கழகங்கள் நிரந்தரத் தலைமை இல்லாமல் தவித்தன. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் குழு அமைக்க வேண்டியதாயிற்று. ஆனால் பணத்தை நிறுத்துவதால் அரசியல் விலகாது, ஆய்வுதான் விலகும். அதிகாரம் அறிவியலுக்குத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் இந்நகரம் கண்டிருக்கிறது. 1978 அக்டோபரில் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வழிசெய்த சுபாஷ் முகோபாத்யாயின் கூற்றை மாநில அரசின் குழு நிராகரித்தது. கண் மருத்துவத்துக்கு இடமாற்றம் செய்யப்பட்ட அவர் 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்து 1997-ல் அவருக்குரிய பெருமையை நிலைநாட்டியவர் டி.சி. ஆனந்தகுமார். முதல் சோதனைக்குழாய்க் குழந்தையின் பெருமை அதுவரை ஆனந்தகுமாரின் பெயரில்தான் இருந்தது. எனவே அடிப்படை நிதியின் பயன்பாட்டை அதே துறையின் வெளி அறிஞர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு, அறிக்கையைப் பொதுவில் வைக்கட்டும். ஆட்சியாளரோ அவர் அமைக்கும் குழுவோ வேண்டாம்.

புத்தாக்கத்தைத் தொழில்துறை பார்த்துக்கொள்ளும் என்பது மூன்றாவது. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டம் தனியார் நிறுவனங்களுக்கு வட்டியின்றியோ குறைந்த வட்டியிலோ நீண்டகாலக் கடன் தருகிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் அது ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கு உரியது. கருத்து முளைக்கும் இடத்துக்கு அது வராது. பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கிய பிரபுல்ல சந்திர ராய் அப்போது பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தார். கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்துதான் அந்தத் தொழிற்சாலைக்கு அறிவு போனது.

ஆகவே, நிதி ஒதுக்கீட்டோடு இன்னும் மூன்றைக் கோருகிறோம். முதலாவது, மாநில அரசுகள் காலி ஆசிரியப் பணியிடங்களைக் காலக்கெடு வைத்து நிரப்ப வேண்டும். ஆளில்லாத துறைக்குப் பணம் பயன்படாது. இரண்டாவது, ஆய்வாளர் ஊக்கத்தொகை மாதம் பிறந்ததும் கணக்கில் சேர வேண்டும். தாமதமானால் வட்டி சேர்த்துத் தர வேண்டும். மூன்றாவது, கருவிக் கொள்முதலில் 2025 ஜூனில் ஒன்றிய அரசு செய்த தளர்வுகளை மாநில நிதி விதிகளிலும் கொண்டுவர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இவற்றுக்கு இடம் கிடைக்க மேற்கு வங்க, தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.