பிரசவ அறையில் தேவை பரிவு

நாட்டில் மருத்துவமனைப் பிரசவங்களின் விகிதம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்துள்ளது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2005-06-இல் 38.7 சதவீதமாக இருந்த இது, 2019-21-இல் 88.6 சதவீதத்தை எட்டியது. 2005-இல் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா திட்டத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. இது பாராட்டுக்குரிய சாதனை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆனால், அதே 2019-21 ஆய்வு வேறொன்றையும் சொல்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 சதவீதம் மட்டுமே. தாய்மார்களை மருத்துவமனைக்கு வரவழைத்த அளவுக்கு, வந்தபின் அவர்களைக் கவனிப்பதில் அக்கறை காட்டப்படவில்லை என்பதன் அடையாளம் இது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நள்ளிரவில் வலியோடு வரும் பெண் முதலில் காண்பது பேராசிரியரை அல்ல. பட்டமேற்படிப்பு பயிலும் உறைவிட மருத்துவரையும் செவிலியரையும்தான். வலியில் அலறும் பெண்ணை அதட்டுவது, மறைப்பு இல்லாமல் பரிசோதிப்பது, துணைக்கு வந்தவரை வெளியே அனுப்புவது ஆகியவை அரசு மருத்துவமனைகளைப் பற்றிய நெடுநாள் புகார்கள். மூத்தவர்களைப் பார்த்து இளையவர்கள் பழகிக்கொள்ளும் வழக்கங்கள் இவை.

விதிகளுக்குப் பஞ்சமில்லை. பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் அனுமதி அளித்தது. 2017-இல் தொடங்கப்பட்ட 'லக்ஷ்யா' திட்டம் கண்ணியமான கவனிப்பை வலியுறுத்துகிறது. எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாகப் பிறப்புவாயைக் கீறுவதும், குழந்தை வெளிவர வயிற்றை அழுத்துவதும் கூடாதென 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இவை சுற்றறிக்கையோடு நின்றுவிடுவதா, நடைமுறைக்கு வருவதா என்பது பெரிதும் உறைவிட மருத்துவர்களின் கையில்தான் உள்ளது.

அதற்காகப் பழி முழுவதையும் அவர்கள் மீதே சுமத்துவது நியாயமாகாது. வாரத்துக்கு 48 மணி நேரப் பணி என்று 1992-இன் உறைவிட மருத்துவர் திட்டம் கூறுகிறது. ஆனால், தொடர்ந்து 36 மணி நேரம் பணியாற்ற நேரிடும் அவலம் குறித்து 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கவலை தெரிவித்தது. உறக்கமின்றித் தவிப்பவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது எளிதல்ல. ஆயினும், களைப்பு காரணமாகலாமே தவிர, அவமதிப்புக்கு அனுமதியாகாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மணி நேரங்களே தாய்க்கு மிகுந்த ஆபத்தானவை. ரத்தப்போக்கு திடீரெனக் கூடலாம். குழந்தை பிறந்ததும் அடுத்த கட்டிலுக்குச் செல்லும் மருத்துவர் மீண்டும் வந்து பார்ப்பதும், அந்தத் தாய் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதும் உயிர் காக்கும் சிகிச்சையே.

பட்டமேற்படிப்பில் எத்தனை அறுவைச் சிகிச்சைகள் செய்தனர் என்று கணக்கிடுவது போலவே, தாய்மார்களிடம் எப்படி நடந்துகொண்டனர் என்பதும் மதிப்பிடப்பட வேண்டும். சிக்கலற்ற பிரசவங்களைப் பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியரிடம் ஒப்படைத்தால் மருத்துவர்களின் சுமையும் குறையும். அதற்கு வழிவகுக்கும் செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இலேயே நிறைவேற்றிவிட்டது.

கட்டிலைச் சுற்றி ஒரு திரைச்சீலை, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு வார்த்தை - இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. மருத்துவருக்கு ஓய்வும், தாய்க்கு மரியாதையும் உறுதி செய்யப்பட்டால்தான் 88.6 சதவீதம் என்ற சாதனை முழுமை பெறும்.