சான்றிதழோடு வேலை முடிவதில்லை: தொழிற்சாலை வெப்பப் பரிமாற்றிகள் பற்றி எங்கள் நிலைப்பாடு

சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலைகளில் பாய்லர், வெல்டிங், குளிரூட்டல், பராமரிப்பு வேலைகள் பார்க்கும் தமிழ்த் தொழில்நுட்பர்களின் அமைப்பு நாங்கள். வெப்பப் பரிமாற்றிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான டோஷைச் சொல்லி முதலாளிகள் தரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “டோஷ் நம்பர் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, இன்னும் என்ன?” இன்னும் நிறைய இருக்கிறது என்பதே எங்கள் நிலைப்பாடு. ஒரு கலன் எப்படிச் செய்யப்பட்டது என்பதைத் தரநிலைகள் நன்றாகவே கவனித்துக்கொள்கின்றன. செய்த பிறகு அதற்கு என்னென்ன நேர்ந்தது என்பதைக் கவனிக்கத்தான் ஆளில்லை. சட்டமும் சோதனையும் இனி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

இதை நாங்கள் வெறும் வாதமாகச் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், எங்கள் ஊர் புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்தது. தீ மணிக்கணக்கில் எரிந்தது. 80க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஜூன் இறுதியில் விசாரணை முடிவு வந்தபோது, பலரும் எதிர்பார்த்த ‘மட்டமான வெல்டிங்’ என்ற பதில் அதில் இல்லை. இணைப்பு தரநிலைக்கு உட்பட்டே இருந்தது. அடியில் இருந்த மண் நீர் கோத்து இளகிவிட்டது. தாங்கல் போன குழாய் திரும்பத் திரும்ப அழுத்தத்துக்கு ஆளாகி, உலோகச் சோர்வு ஏற்பட்டு முறிந்தது. குழாய் வேறு, பரிமாற்றி வேறுதான். ஆனால் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். செய்த நாளில் சரியாக இருந்த ஒன்று, சுற்றியிருக்கும் நிலைமை மாறியதால் கெட்டது.

வெப்பப் பரிமாற்றியில் அசையும் பாகம் எதுவும் இல்லை. சத்தம் போடாது. சூடான ஒன்றும் குளிர்ந்த ஒன்றும் கலக்காமல், நடுவில் உள்ள மெல்லிய டியூப் சுவர் வழியாக வெப்பத்தை மட்டும் மாற்றிக்கொள்கின்றன. செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு, பால், குளிர்பானம், ரப்பர் கையுறை, ஐஸ், ரசாயனம் எனக் கிள்ளான் பள்ளத்தாக்கில் அது இல்லாத தொழில் குறைவு. பம்ப் கெட்டால் அன்றே தெரியும். டியூப் அரித்துக்கொண்டே போவது வருடக்கணக்கில் தெரியாது. ஆகவே ஆலையில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

செய்யும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றுக்குக் குறைவில்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் (ஆஸ்மி) அழுத்தக் கலன்களுக்கு வகுத்த விதியின் எட்டாம் பிரிவு தகட்டின் கனம், வெல்டிங், சோதனை எல்லாவற்றையும் வரையறுக்கிறது. அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைப் போல் குறைந்தது 1.3 மடங்கு அழுத்தத்தில் நீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். டியூப் பக்கத்தையும் ஷெல் (வெளிக்கூடு) பக்கத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். டியூப் வகைப் பரிமாற்றித் தயாரிப்பாளர் சங்கத்தின் (டெமா) தரநிலை பரிமாற்றிகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது: எண்ணெய்ச் சுத்திகரிப்பு போன்ற கடுமையான வேலைக்கு ‘ஆர்’, ரசாயன ஆலைக்கு ‘பி’, பொதுவான மிதமான வேலைக்கு ‘சி’. மலேசியாவில் வரைபடத்துக்கு முதலில் டோஷ் ஒப்புதல் வேண்டும். பிறகுதான் தயாரிப்பு, சோதனை, அழுத்தக் கலனுக்கான ‘பிஎம்டி’ பதிவெண். இந்த ஒழுங்கை நாங்கள் முழுமையாக ஆதரிக்கிறோம். விலை குறைவு என்று ‘சி’ வகையை வாங்கி ‘ஆர்’ வகை வேலையில் மாட்டுவதையும், உருக்குக்கான ஆலைச் சான்று இல்லாத தகட்டை உள்ளே விடுவதையும் எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க மாட்டோம்.

ஆனால் உலகில் பேசப்படும் பெரிய பரிமாற்றி விபத்துகளைப் பாருங்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள குட்இயர் ஆலையில் 2008 ஜூன் 10 அன்று, அழுத்தம் மீறினால் உடையும் பாதுகாப்புத் தகட்டை மாற்றுவதற்காக ஓர் அம்மோனியா பரிமாற்றியின் அழுத்தம் வெளியேறும் வழியை வால்வு போட்டு மூடினார்கள். வேலை முடிந்தது, வால்வைத் திறக்கவில்லை. மறுநாள் காலை அதே பரிமாற்றியின் மறுபக்கக் குழாயைச் சுத்தம் செய்ய நீராவி விட்டபோது, உள்ளே அடைபட்ட அம்மோனியா சூடேறிக் கலனை வெடிக்க வைத்தது. ஒரு ஊழியர் இறந்தார். எல்லோரும் பத்திரம் என்று தலை எண்ணிச் சொல்லியும் ஆகிவிட்டது. சில மணி நேரம் கழித்துத்தான் இடிபாடுகளுக்குள் அவர் உடல் கிடைத்தது.

2013 ஜூன் 13 அன்று லூசியானாவின் கைஸ்மார் ஆலையில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதை. 2001இல் ஒரு பரிமாற்றியை மாற்றாக வைத்துக்கொள்ள வசதியாகப் புதிய வால்வுகளைப் பொருத்தினார்கள். அந்த வால்வுகளை மூடினால் பரிமாற்றிக்கு அழுத்தம் தணிக்கும் வழியே இல்லாமல் போகும் என்பதைச் சரியாக ஆராயவில்லை. 12 ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் உள்ளே தேங்கிய புரொப்பேனுக்குச் சுடுநீரைத் திறந்துவிட்டதும் வெடித்து, இருவர் இறந்தார்கள், 167 பேர் காயமடைந்தார்கள். ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டில் 1998 செப்டம்பர் 25 அன்று, சூடான எண்ணெய் ஓட்டம் நின்றதால் ஒரு பரிமாற்றி உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்தது. குளிர்ந்த உருக்கு கண்ணாடிபோல் நொறுங்கும். மறுபடி சூடான எண்ணெயை ஓடவிட்டபோது அது பிளந்தது. இருவர் பலியானார்கள், விக்டோரியா மாநிலம் சுமார் இரண்டு வாரம் எரிவாயு இல்லாமல் தவித்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸில் 2010 ஏப்ரல் 2 அன்று ஏழு பேர் இறந்த விபத்தில் மட்டும் உலோகமே உள்ளிருந்து கெட்டிருந்தது. 1970களின் தொடக்கத்தில் செய்த கார்பன் உருக்குப் பரிமாற்றி அது. உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் ஊடுருவிச் சிறு விரிசல்களை உண்டாக்கியது. தொழில்துறை நம்பியிருந்த வரைகோட்டின்படி அது பாதுகாப்பான பகுதியில் இயங்குவதாகவே கணக்கு. கலனுக்குள் உண்மையான வெப்பம் எவ்வளவு என்று அளந்து பார்த்தவர் இல்லை. பக்கத்துப் பரிமாற்றிகளைத் திரும்ப இயக்கும்போது கசிவு வருவது அங்கே வழக்கமாகிவிட்டிருந்தது. கசிந்தால் சமாளிக்க ஆள் வேண்டும் என்று கூடுதலாகச் சிலரை அருகே நிறுத்தியிருந்தார்கள். ஏழு பேர் அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான். “இது எப்போதும் கசியும்” என்று சொல்லும் மேற்பார்வையாளர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறோம்.

இந்த நான்கிலும் கலனைச் செய்தவரின் குறை முதன்மையான காரணம் இல்லை. மூடிய வால்வு, ஆராயாமல் செய்த மாற்றம், எதிர்பாராத குளிர், அளக்காத வெப்பம்.

நம் நாட்டில் இப்போது இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2024 ஜூன் 1 முதல் 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீங்கி, திருத்தப்பட்ட 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. கலன்களைச் சோதித்துத் தகுதிச் சான்றிதழ் தரும் வேலையை உரிமம் பெற்ற தனியாரிடமும் விடச் சட்டம் இடம் தருகிறது. அரசு அதிகாரிகளால் எல்லாக் கலன்களையும் நேரத்துக்குப் பார்த்துவிட முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். தனியார் சோதனையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் கூலி கொடுப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒருவராகவே இருந்தால் “சரியில்லை” என்று எழுதும் கை தயங்கும். சோதகரை டோஷ் நியமிக்கட்டும், கட்டணத்தை ஆலை கட்டட்டும். ஒரே சோதகர் ஒரே ஆலையைத் தொடர்ந்து பார்க்கக் கூடாது. அவர் கையெழுத்திட்ட கலன்களில் ஒரு பகுதியை டோஷ் முன்னறிவிப்பின்றித் திரும்பச் சோதிக்க வேண்டும்.

சோதனையின் உள்ளடக்கமும் மாற வேண்டும். 15 மாதத்துக்கு ஒரு முறை என்பது பழைய ஒழுங்கு. பெரிய ஆலைகள் ஆபத்தின் அளவை வைத்து இடைவெளியை நீட்டிக்க 2014இலேயே வழி வந்தது. இடைவெளி எவ்வளவு என்பதைவிட, சோதகர் எதைப் பார்க்கிறார் என்பதே எங்களுக்கு முக்கியம். டியூப் தொகுதியை வெளியே இழுக்காமல், ஷெல்லை வெளியிலிருந்து தட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவது சோதனை ஆகாது. கடந்த சோதனைக்குப் பிறகு உள்ளே ஓடும் திரவம், வெப்பம், அழுத்தம், வால்வு, குழாய் எதுவாவது மாறியதா என்ற கேள்வியைச் சான்றிதழின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும். மாறியிருந்தால் மறு ஆய்வு முடியும்வரை பழைய சான்றிதழ் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அழுத்தம் தணிக்கும் வழியில் வால்வு இருந்தால் அது திறந்த நிலையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், சாவி யாரிடம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டியூப் உடைந்தால் அதிக அழுத்தம் மறுபக்கத்துக்குப் பாயும். அந்தப் பக்கம் தாங்குமா, இல்லாவிட்டால் தணிப்பு வழி உண்டா என்ற கணக்கு ஒவ்வொரு கலனுக்கும் கோப்பில் வேண்டும்.

உணவுத் தொழிலுக்கு இதில் இன்னொரு பக்கம் உண்டு. சமையல் எண்ணெயைச் சூடாக்கும் டியூபில் வெப்ப எண்ணெய் ஓடினால், ஒரு சிறு துளை போதும், அது உணவில் கலந்துவிடும். பல சுத்திகரிப்பு ஆலைகள் உயர் அழுத்த நீராவிக்கு மாறியது இதனால்தான். நல்ல மாற்றம். ஆனால் அழுத்தம் கூடிய கலனுக்குக் கவனமும் கூட வேண்டும்.

“சிறு தொழிற்சாலைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது” என்ற எதிர்ப்பை நாங்கள் மதிக்கிறோம். சுபாங் ஜெயாவின் சிறு பட்டறைகளில் இரண்டு மூன்று கலன்களோடு தொழில் நடத்துவோர் பலர். அவர்களுக்காகப் பகிர்ந்துகொள்ளும் சோதனைக் கருவிகளும் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும் என்று மனிதவள அமைச்சிடம் கேட்கிறோம். விதிவிலக்கு கேட்க மாட்டோம். சிறிய கலனில் இருக்கும் நீராவியும் சுடும்.

பரிமாற்றியைத் திறந்து சுத்தம் செய்பவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்டர் கொண்டுவரும் ஆட்கள். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிறைய. வேலை அனுமதிச் சீட்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். என்ன அடைக்கப்பட்டது, என்ன திறக்கக் கூடாது என்பதை அவர்கள் மொழியில் சொல்லி, திரும்பச் சொல்லவைக்காமல் வேலை தொடங்கக் கூடாது. விபத்தின்போது கட்டடத்தை விட்டு வெளியே வந்தவர்களை எண்ணும்போது காண்ட்ராக்டர் ஆட்களையும் பெயர் பெயராக எண்ண வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணம் தெரிந்து, முதலாளி எதுவும் செய்யாவிட்டால் அங்கிருந்து விலகும் உரிமையைத் திருத்தப்பட்ட சட்டத்தின் 26ஏ பிரிவு தருகிறது. அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. அடுத்த ஷட்டவுன் முடிந்து கலனை இயக்கும் முன், தணிப்பு வால்வுக்குப் போகும் குழாயை வரைபடத்தோடு நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். வழி மூடியிருந்தால் நீராவியைத் திறக்காதீர்கள், யார் சொன்னாலும் சரி.