பேய்ப்படம் எண்டால் ஏன் இந்த இளக்காரம்?

முதலே சொல்லிவிடுகிறோம், நாங்கள் 'காஞ்சனா' பார்த்துக் கத்திச் சிரித்த ஆக்கள்தான். உலக சினிமா கரைச்சுக் குடிச்சவை கதைக்க வந்திட்டினம் எண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம்.

போன வருசம் மயிலிட்டியில் ஒரு திரையிடல் செய்ய வெளிக்கிட்டோம். நாலு படத்தின் பெயரை எழுதிக் கொடுத்தோம். மண்டபத்துக்குப் பொறுப்பான அண்ணை ஒன்றுக்குமேல் கோடு கீறினார். "பிள்ளையள், பேய்ப்படம் வேண்டாம். எங்கட சனத்தின்ர வலியைச் சொல்லுற படமாப் போடுங்கோ."

கோடு விழுந்த படம் 'அண்டர் த ஷாடோ'. பாபக் அன்வாரி 2016இல் எடுத்த பாரசீக மொழிப் படம். ஈரான் - ஈராக் யுத்தக் காலத்துத் தெஹ்ரான். ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டியிருக்கிறார்கள். சைரன் அடித்தால் எல்லாரும் கீழே நிலவறைக்கு ஓடுகிறார்கள். மேல்வீட்டுக்குள் ஒரு ஏவுகணை விழுந்து வெடிக்காமல் கிடக்கிறது. அயல் சனம் ஒவ்வொரு குடும்பமாக வெளிக்கிடுகிறது, ஒரு தாயும் மகளும் மட்டும் மிஞ்சுகிறார்கள். பொம்மை இல்லாமல் வரமாட்டேன் என்று பிள்ளை அடம்பிடிக்கிறாள். அந்த வீட்டுக்குள்தான் ஜின் வருகிறது.

அண்ணை, இதில எங்கட சனத்தின்ர வலி எந்த இடத்தில இல்லை எண்டு சொல்லுங்கோ பாப்பம்.

'வலியைச் சொல்லுற படம்' எண்டால் என்னவென்று எங்களுக்கு நன்றாகத் தெரியும், நாங்களே இரண்டு எடுத்திருக்கிறோம். முள்ளுக்கம்பி, மணலில் ஒற்றைச் செருப்பு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் அம்மா, பின்னால் வயலின். சனம் அழும், கை தட்டும், தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டை போகும். பிரதம விருந்தினரும் கண்ணைத் துடைப்பார். அந்தப் படம் ஒருத்தரையும் ஒன்றும் கேட்பதில்லை. எங்களுக்கு அதில்தான் கோபம்.

பேய் கேட்கும். 'அட்லான்டிக்ஸ்' (2019, மத்தி டியோப்) செனகலில், டக்கார் கரையில் நடக்கிறது. மாதக்கணக்காகச் சம்பளம் கிடைக்காத கட்டடத் தொழிலாளிப் பெடியள் படகேறி, கடலோடு போய்விடுகிறார்கள். பிறகு இரவில் ஊர்ப் பெட்டையளின் உடம்புக்குள் ஏறி, முதலாளியின் வீட்டுக்கு வந்து சம்பளத்தைக் கேட்கிறார்கள். அவனைக் கொண்டே தங்களுக்குக் குழி வெட்டுவிக்கிறார்கள். கடற்கரைச் சனத்துக்கு இதைவிட எதைப் போட்டுக் காட்ட? எங்கட 'காஞ்சனா'வையும் யோசித்துப் பாருங்கோ. கொமடியை எல்லாம் உரித்தெடுத்தால் உள்ளே இருப்பது ஒரு காணிப் பிரச்சினை. தன் காணியைப் பறித்துக் கொன்றவனைத் தேடித்தான் அந்தப் பேய் வருகிறது. படம் அதை ஒரு பிளாஷ்பேக்குக்குள் அடைத்துவிட்டுத் திரும்பவும் சிரிக்க வைக்கப் போய்விடுகிறது என்பதுதான் எங்கட முறைப்பாடு. பேய் வந்தது என்பதில்லை.

காணி எண்டதும் ஊருக்கு வருவம். 1990 யூனில் மயிலிட்டி இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த துறைமுகம் 2017 யூலையில்தான் விடுபட்டது. எங்களில் ஒருத்தரும் அந்த 27 வருசத்தில் ஊரைப் பார்த்ததில்லை. மல்லாகம், சுன்னாகம் பக்க முகாம்களில் பிறந்த பிள்ளைகள் நாங்கள். முதல்முதல் வந்தபோது பற்றையும் கல்லும்தான். அம்மம்மா கிணற்றை வைத்துத்தான் தன் வளவைப் பிடித்தா. "இதிலதான் குசினி" எண்டு வெறும் நிலத்தில் நின்று கையைக் காட்டினா. அங்கால காங்கேசன்துறையில் இராணுவம் தல்செவன எண்டு உல்லாச விடுதி நடத்துது. சர்ரியல் எண்டால் என்னவென்று எங்களுக்கு ஒருத்தரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 'குதிரைவால்' (2022) படத்தில் நித்திரையால் எழும்பும் ஒருவனுக்கு வால் முளைத்திருக்கிறது. விளங்கேல்லை எண்டு எத்தனை பேர் சொன்னார்கள்! எங்களுக்கு அது அவ்வளவு விசித்திரமாகத் தெரியவில்லை.

ஆனால் ஒரு கேள்வி எங்களை உண்மையாகவே குத்தியது. ஒரு தோழி கேட்டாள்: "காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையையும் பேயாக் காட்டுவியளோ? அந்தத் தாய்க்கு என்ன சொல்லுவியள்?" 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் றோட்டோரம் குந்திய அம்மாக்கள் பிள்ளைகளை உயிரோடுதான் கேட்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் பேய் என்ற சொல்லை எடுக்கக்கூட எங்களுக்கு வாய் வராது. அந்தப் படத்தை நாங்கள் எடுக்க மாட்டோம். அதற்காகப் பேய்க்கதை முழுவதையும் மலிவுச் சரக்கு என்பதை ஏற்கவும் மாட்டோம். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்குதெண்டால் இடிக்கட்டும்.

மண்டபம் கிடைக்காதபடியால் எங்கட வளவிலேயே வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டோம். மிசோகுச்சியின் 'உகெட்சு', 1953. உள்நாட்டு யுத்தத்துக்குள் பானை விற்கப் போன குயவன் கனகாலம் கழித்து வீடு திரும்புகிறான். வீடு வெறுமையாக, இருட்டாகக் கிடக்கிறது. மனுசியைக் கூப்பிட்டபடி பின்பக்கத்தால் வெளியேறிச் சுற்றி வருகிறான். கமரா உள்ளேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்ப வாசலுக்கு வரும்போது அடுப்பு எரிகிறது, அவள் பக்கத்தில் இருக்கிறாள். வெட்டு இல்லை, மாயாஜாலம் இல்லை, இசை வந்து மிரட்டுவதும் இல்லை.

அம்மம்மாவுக்கு யப்பான் மொழியும் தெரியாது, கீழே ஓடும் ஆங்கில எழுத்தும் தெரியாது. அடுப்பைக் கண்டவுடனே கேட்டா: "அவள் செத்திட்டாள், என்ன?"

படம் அதைச் சொல்வதற்கு இன்னும் ஒரு விடியல் இருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவ கடைசிவரைக்கும் எழும்பாமல் இருந்து பார்த்தா.

அடுத்தது 'அட்லான்டிக்ஸ்'. தமிழில் வசனம் நாங்களே அடித்துக்கொண்டிருக்கிறோம், பாதிதான் முடிந்திருக்கிறது. கோடு கீறின அண்ணைக்கும் சொல்லியிருக்கிறோம். வாறதெண்டால் பாய் கொண்டு வாங்கோ, எங்களிட்ட கதிரை ஆறுதான் இருக்கு.