இங்கிலீஷ் இலக்கணம் வேதமா?

நமது நாட்டில் இங்கிலீஷ் கற்க வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாஷைக்கு முன்னால் அதைப்பற்றிய பயமே கற்பிக்கப்பட்டு வருகின்றது. ஒரு பையன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச ஆரம்பித்தால், அவன் சொல்ல வந்த சங்கதி என்னவென்று கேட்பாரில்லை. அவன் 'இஸ்' என்றானா 'வாஸ்' என்றானா, 'தி' போட்டானா விட்டானா என்று பிடித்துக்கொள்ளுகிறவர்களும், அதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுமே அதிகம். இரண்டு தடவை சிரிப்புக்கு ஆளானவன் மூன்றாம் தடவை வாயைத் திறப்பதேயில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்தும், ஒரு விண்ணப்பம் எழுதவோ, உத்தியோகப் பேட்டியில் தன்னைப்பற்றி இரண்டு நிமிஷம் சொல்லவோ முடியாமல் தலை குனிந்து திரும்பும் வாலிபர்களை நாம் தினமும் பார்க்கின்றோம். இவர்கள் அறிவில் குறைந்தவர்களா என்றால், இல்லவே இல்லை. கணக்கிலும் இயந்திர வேலையிலும் தேர்ந்தவர்களாகவே இருக்கின்றார்கள். அப்படியானால் குற்றம் எங்கே இருக்கின்றது?

குற்றம் புரோகித மனப்பான்மையில் இருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம். த்வஷ்டா என்பவன் இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டுமென்று யாகம் செய்தானாம். மந்திரத்தில் 'இந்திரசத்ரு' என்ற ஒரு சொல்லில் ஸ்வரம் தப்பிவிட்டதாம். அதனால் இந்திரனைக் கொல்லுபவனுக்குப் பதிலாக இந்திரனால் கொல்லப்படுபவன் பிறந்தானாம். இந்தக் கதை எதற்காகக் கட்டப்பட்டது? உச்சரிப்பு எங்களுக்கே வரும், உங்களுக்கு வராது, ஆகையால் நீங்கள் கிட்டே வராதீர்கள் என்று சொல்வதற்காகத்தான். யாகசாலையிலிருந்த அதே புத்தி இன்று இங்கிலீஷ் வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கின்றது. அங்கே ஸ்வரம் தப்பினால் பாவம். இங்கே 'டென்ஸ்' தப்பினால் கேவலம். இரண்டுக்கும் பலன் ஒன்றே. அதாவது, தலைமுறை தலைமுறையாய்ப் படித்தவன் வீட்டுப் பிள்ளை உள்ளே இருப்பான். முதன்முதலில் படிக்க வந்தவன் வாசலில் நிற்பான்.

இது சிறு விஷயமென்று யாரும் நினைக்க வேண்டாம். 1912-ல் சென்னை மாகாணத்தில் ஜனத்தொகையில் 100-க்கு 3 பேர் அளவே இருந்த பார்ப்பனர்கள், ஜில்லா முன்சீப் உத்தியோகங்களில் 100-க்கு 72-க்கு மேற்பட்ட இடங்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கிருந்த காரணங்களில் முக்கியமானது இங்கிலீஷ் படிப்பு முதலில் அவர்கள் கைக்குப் போனதாகும். மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். டாக்டர் அம்பேத்கர் பம்பாயில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத வகுப்புப் பிள்ளை என்பதற்காக அது அவருக்கு மறுக்கப்பட்டு, பாரசீகம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. இங்கிலீஷ் அவரை அப்படி மறுக்கவில்லை. அந்த இங்கிலீஷிலேதான் அவர் 1936-ல் ஜாதியை ஒழிக்கும் வழியைப்பற்றிய தமது புத்தகத்தை வெளியிட்டு உலகத்தின் முன் வைத்தார். பிறப்பைக் கேட்காமல் கதவைத் திறந்த ஒரு பாஷைக்கு நாமே காவல்காரர்களை நிறுத்துவது எவ்வளவு மதியீனம் என்று யோசிக்க வேண்டுகிறோம்.

நிற்க, இங்கிலீஷ் இலக்கணம் என்பது வானத்திலிருந்து விழுந்ததா? ஒரு உதாரணம் பார்ப்போம். 'இன்', 'டு', 'வித்' போன்ற முன்னிடைச் சொற்களில் வாக்கியத்தை முடிக்கக்கூடாது என்று 1672-ல் டிரைடன் என்ற கவி, தமக்கு முந்திய பென் ஜான்சன் மீது குறை சொன்னார். தாம் முன்பு எழுதியதையுங்கூட அதற்காகத் திருத்திக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் உபாத்தியாயர்கள் பிள்ளைகளைக் கண்டித்து வந்தார்கள். ஜனங்களோ வீட்டிலும் கடைவீதியிலும் அவ்விதமே முடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1926-ல் பௌலர் என்பவர் இங்கிலீஷ் வழக்கைப்பற்றி ஒரு அகராதி எழுதியபோது, இந்த விதியை மூடநம்பிக்கை என்றே எழுதிவிட்டார். நாம் சொல்லவில்லை, இங்கிலீஷ்காரரே சொன்னார்! ஒருவர் சொன்னதை நூறு பேர் யோசனையின்றிச் சொல்லிச் சொல்லி சாஸ்திரமாக்கும் வித்தை நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பது இதனால் விளங்கும்.

எழுத்துக் கூட்டும் விஷயமும் அப்படியே. 'டூ' என்பதும் 'கோ' என்பதும் ஒரே எழுத்தில் முடிந்தும் ஏன் வேறு வேறாக ஒலிக்கின்றன என்று ஒரு பிள்ளை கேட்டால், "கேள்வி கேட்காதே, மனப்பாடம் செய்" என்பதே பதிலாக இருக்கின்றது. காரணமில்லாமலா இருக்கின்றது? 1476-ல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்து போயிற்று. ஆனால் அதே காலத்தையொட்டிச் சில நூற்றாண்டுகளில் ஜனங்களுடைய உச்சரிப்பு பெரிதும் மாறிவிட்டது. 'நைட்' என்ற சொல்லில் இன்று சும்மா நிற்கும் எழுத்துக்கள் ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டவைகளேயாகும். இதைச் சொன்னால் பிள்ளைக்குப் பயம் நீங்கும். காரணம் தெரிந்த கஷ்டம் பாதிக் கஷ்டம்தானே!

அன்றியும், இங்கிலீஷ் பிறப்பினால் வருவதென்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். 1909 முதல் 1949 வரை ஏழு பாகங்களாக வெளிவந்த பெரிய இங்கிலீஷ் இலக்கணத்திற்கு ஆசிரியர் ஓட்டோ எஸ்பர்சன் என்னும் டென்மார்க்குக்காரர். இங்கிலீஷ் நாவலாசிரியர்களில் முன்வரிசையில் வைத்து எண்ணப்படும் ஜோசப் கான்ராட் ஒரு போலந்துக்காரர். இருபதாவது வயதில் இங்கிலாந்தில் கால் வைத்தபோது அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் வெகு சொற்பம். அவ்வளவு தூரம் போவானேன்? 1856-ல் திராவிட பாஷைகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல் தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்தவரா? அவர் நமது பாஷையைக் கற்றார். நாம் அவருடைய பாஷையைக் கற்கின்றோம். இதில் பயத்திற்கும் பக்திக்கும் என்ன இடமிருக்கின்றது?

இங்கிலீஷில் சுயமரியாதைக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதியும் உண்டு. நமது பாஷையில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று ஆளுக்குத் தக்கபடி வைத்திருக்கின்றோம். பண்ணையாளை 'நீ' என்றும் பண்ணையாரை 'நீங்கள்' என்றும் சொல்லி ஜாதியை நாக்கிலேயே நிறுத்தியிருக்கின்றோம். இங்கிலீஷிலும் பழைய காலத்தில் அவ்வித பேதம் இருந்தது. ஆனால் அது பொது வழக்கிலிருந்து ஒழிந்து, இன்று எல்லோருக்கும் 'யூ' ஒன்றேயாகிவிட்டது. இதனால் இங்கிலாந்தில் உயர்வு தாழ்வு போய்விட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. அங்கும் ஒருவன் உச்சரிப்பைக்கொண்டு அவன் வகுப்பை எடைபோடும் கெட்ட வழக்கம் உண்டு. ஜனங்கள் மாறினால் இலக்கணமும் மாறும் என்பதற்கே இதைச் சொன்னோம்.

இப்படிச் சொல்வதனால், "அப்படியானால் இலக்கணமே வேண்டாமா? எப்படியும் எழுதலாமா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அவ்விதம் சொல்லவில்லை. ஒருவன் ஒரு ஆலையில் பத்து வருஷமாய் இன்றும் வேலை செய்து வருகின்றான் என்று வைத்துக்கொள்ளுவோம். அவன் தன் விண்ணப்பத்தில் 'ஹாவ் வொர்க்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வொர்க்ட்' என்று மாத்திரம் எழுதினால், படிப்பவன் அவன் வேலையை விட்டு நின்றுவிட்டவன் என்றே எண்ணிக்கொள்ளுவான். இங்கே இலக்கணம் வயிற்றுப் பிழைப்பைத் தொடுகின்றது. ஆகவே விதியைப் படிக்கத்தான் வேண்டும். கும்பிடுவதற்காக அல்ல, உபயோகிப்பதற்காகப் படிக்க வேண்டும். கொத்தனார் கரண்டியைக் கையில் பிடிப்பாரே தவிர அதற்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தால் சுவர் எழும்புமா?

உபயோகிக்கும்படி படிப்பது எப்படி? முதலாவது, தமிழைக் கொண்டே இங்கிலீஷைக் காட்ட வேண்டும். 'பெட்டியில் இருக்கிறது', 'ஞாயிற்றுக்கிழமையில் வருவான்', 'வாசலில் நிற்கிறான்' என்று நாம் மூன்றிடத்தும் 'இல்' என்கின்றோம். இங்கிலீஷ்காரர் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்று சொல் வைத்திருக்கின்றார்கள். 'நாய் வந்தது' என்றால் நமக்குப் போதும். அவர்களோ, கேட்பவனுக்கு இன்ன நாய் என்று தெரியுமானால் 'தி' என்றும், தெரியாதானால் 'ஏ' என்றும் முன்னால் வைக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளை இந்த இடங்களில் தவறுவது மூளைக் குறைவினாலல்ல. இரண்டு பாஷைகளின் அமைப்பு வேறாயிருப்பதனால்தான். வகுப்பில் தமிழே பேசக்கூடாதென்று அபராதம் போடும் பள்ளிக்கூடங்கள், விளக்கை அணைத்துவிட்டு ஊசியைத் தேடச் சொல்லுகின்றன.

இரண்டாவது, சொற்களை அளவறிந்து கற்க வேண்டும். டாக்காவில் உபாத்தியாயர் பயிற்சி வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் 1953-ல் சுமார் 2000 இங்கிலீஷ் சொற்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் வெளியிட்டார். சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் 100-க்கு 80 அளவு இந்த இரண்டாயிரத்திற்குள் அடங்கிவிடும். நாளொன்றுக்கு ஐந்து சொல் வீதம் கற்றால் 400 நாளில் முடியும் கணக்கு இது. ஆனால் கற்றது மறந்து போகுமே என்றால், எபிங்ஹவுஸ் என்ற ஜர்மானியர் 1885-லேயே தம்மைத்தாமே சோதித்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கின்றதென்று கண்டுபிடித்திருக்கின்றார். ஆகையால் ஒரே இரவில் நூறு தடவை ஓதுவதைவிட, நாளை ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை என்று இடைவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டு நினைவுபடுத்திப் பார்ப்பதே பலன் தரும். ஒவ்வொரு சொல்லையும் தன் வீடு, தன் வேலை, தன் ஊர் இவற்றைப்பற்றிய ஒரு வாக்கியத்தில் வைத்து எழுத வேண்டும். தினம் ஐந்து வரி எழுதி, அதில் ஒரே ஒரு தவறைத் திருத்திக்கொண்டால் போதும். பக்கம் முழுவதும் சிவப்பு மையைக் கொட்டும் உபாத்தியாயர் பிள்ளைக்குக் கற்பிப்பது எழுதாமலிருப்பதையேயாகும்.

தவிர, முப்பதே நாளில் சரளமான இங்கிலீஷ் என்று விளம்பரம் செய்து பணம் பறிக்கும் கூட்டத்தையும் தோழர்கள் நம்ப வேண்டாம். தாயத்துக் கட்டினால் நோய் போகும் என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. இன்று செல்போன் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே அகராதியும் செய்தியும் கிடைக்கின்றன. பலனளிப்பது தினப்பழக்கம் ஒன்றே.

கடைசியாக, நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை. 1968-ல் சென்னை ராஜ்யச் சட்டசபை, நமது பள்ளிக்கூடங்களுக்குத் தமிழும் இங்கிலீஷும் போதுமென்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் பலனாய்ப் படித்து உத்தியோகத்திற்கு வந்தவர்களில் சிலர், இன்று கிராமத்திலிருந்து வரும் தம் இளையவனின் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கின்றார்கள். நேற்று வாசலில் நின்றவன் இன்று உள்ளே போனவுடன் கதவைச் சாத்தினால் அவனுக்கும் பழைய புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்? பூணூல் ஒன்றுதான் குறைச்சல்! இங்கிலீஷ் தெரிவதனாலேயே ஒருவன் அறிவாளியுமல்ல, தெரியாததனால் முட்டாளுமல்ல. அது ஒரு கருவி. அந்தக் கருவி நம்மில் கடைசி மனிதன் கைக்கும் போக வேண்டும் என்பதே நமது ஆசை.

ஆகையால் வாலிபர்களே! தப்பாகவாவது பேசுங்கள், தினமும் எழுதுங்கள், ஏன் என்று கேளுங்கள். பக்கத்திலிருப்பவன் தவறினால் சிரிக்காமல் சொல்லிக் கொடுங்கள். சிரிப்பவர்களைப் பார்த்து, உமக்கு எத்தனை பாஷையில் தப்பில்லாமல் எழுத வரும் என்று கேளுங்கள். அநேகமாய் அவர்களுக்குத் தமிழும் சரியாய் வராது என்பதைக் காண்பீர்கள்.