ரோஜா இலையை நறுக்குவது யார்?



உங்கள் பன்னீர் ரோஜாச் செடியின் இலையோரங்களில், கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் அரைவட்ட வெட்டுகள் தென்படுகின்றனவா? உடனே பூச்சிமருந்தைத் தேடாதீர்கள். ஒரு சகோதரி அதைத்தான் செய்யவிருந்தார். நல்லவேளையாக, அதற்குமுன் இலையொன்றை உறையிலிட்டு நமக்கு அனுப்பினார். அல்ஹம்துலில்லாஹ்!

புழுவோ வெட்டுக்கிளியோ தின்ற இலை கந்தலாக இருக்கும். இந்த வெட்டோ நேர்த்தியானது. வெயில் ஏறியபின், லுஹர் பாங்குக்கு முன்னதாகச் செடியருகே அமைதியாக நின்று பாருங்கள். தேனீயளவே உள்ள ஒரு பூச்சி இலையோரத்தில் அமர்ந்து, சில நொடிகளில் ஒரு துண்டை நறுக்கி, கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு பறந்துவிடும். இதுவே இலைவெட்டித் தேனீ. அறிவியலார் இத்தொகுதியை மெகாசைல் என்பர். இதனுள் வகைகள் ஏராளம். இன்னதெனப் பிரித்தறிவது வல்லுநர் வேலை.

ஐயம் தீர அடிவயிற்றைக் கவனியுங்கள். தேன்கூட்டுத் தேனீ மகரந்தத்தைப் பின்னங்கால்களில் உருண்டையாகச் சுமக்கும். இதுவோ வயிற்றின் அடிப்புற மயிர்களில் அப்பிக்கொள்ளும். ஆதலால் பூவைவிட்டு எழும்போது வயிற்றில் மஞ்சள் பூசியதுபோல் தோன்றும்.

இது கூட்டமாக வாழ்வதில்லை; தேன் சேமிப்பதுமில்லை. சீண்டினாலன்றிக் கொட்டுவதும் அரிது. பெண் தேனீ தனியொருத்தியாகச் சுவர்த்துளையிலோ மூங்கில் துளையிலோ இலைத்துண்டுகளைச் சுருட்டி ஓர் அறை அமைக்கும். மகரந்தமும் பூந்தேனும் பிசைந்து வைத்து, ஒரே ஒரு முட்டையிட்டு, வட்டத்துண்டுகளால் மூடும். அதன்மேல் அடுத்த அறை. உள்ளறைகளில் பெண் முட்டைகள், வாயிலருகே ஆண் முட்டைகள்! முன்னே இருக்கும் ஆண்களே முதலில் வெளிவரும். சுப்ஹானல்லாஹ்!

இலையை அது தின்பதில்லை. சில இலைகள் வடிவிழப்பதால் செடி பட்டுப்போவதுமில்லை. துவரைப் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதில் இவ்வினத்தேனீக்களுக்குப் பெரும்பங்குண்டு.

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத், ஸுரத் ஆகிய நான்கைக் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. "அது தேன் தரும் ஈயைத்தானே குறிக்கும்?" என்று அச்சகோதரியின் மாமியார் கேட்டாராம். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விடுவோம். ஆனால் தீங்கு செய்யாத ஒன்றைக் கொல்லக் காரணந்தான் என்ன?

அவர்கள் வீட்டில் அது குடியேறியிருப்பது கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் துளையில். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், சகோதரி. குஞ்சுகள் பறந்தபின் துளையை அடைத்துக்கொள்ளலாம். அதுவரை சில வாரங்களுக்கு மேல்தாழ்ப்பாளைப் போடுங்கள்.