சர்வே கல் நடுவதற்கு முன்பே எழுந்து வாருங்கள்!



திண்டுக்கல்லிலிருந்து தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழியாக்க வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. வரட்டும், நமக்கும் அந்தச் சாலை வேண்டும். கார்த்திகை பிறந்தால் போதும், சபரிமலை வண்டிகள் நிறைந்து நம் ஊர் வண்டிகளுக்கு ரோட்டில் இடமில்லை. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் 8 பேரைக் குமுளி மலைப்பாதை விபத்தில் பறிகொடுத்தோம். நல்ல சாலை கேட்க நம்மைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?

ஆனால் விடிகாலையில் ஏதாவதொரு புறவழிச்சாலை விலக்கில் போய் நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிய ஜீப்புகள் பறக்கின்றன. நாற்று நடப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஓரத்தில் காத்து நின்று, ஒரு லாரி கடந்ததும் அடுத்தது வருவதற்குள் ஓடுகிறார்கள். இருவழிச் சாலையிலேயே இந்தப் பாடு. நான்கு வழியாகி, நடுவில் தடுப்பும் வைத்து, கார்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவர்கள் எங்கே கடப்பார்கள்?

அதனால்தான் சொல்கிறோம்: ஊர்ப்பாதையும் வயல்பாதையும் குறுக்கிடும் இடமெல்லாம் பாலம் வேண்டும். கம்பம், தேனி போன்ற ஊர்களில் ஏறி இறங்க முறையான சந்திப்பு மேம்பாலமும், இருபுறமும் சர்வீஸ் ரோடும் வேண்டும். இவை வரைபடத்திலேயே ஏற வேண்டும். சாலை போட்ட பிறகு கேட்டால் மஞ்சள் விளக்கும் இரும்புத் தடுப்பும்தான் கிடைக்கும்.

பாலத்தின் உயரத்தையும் நாமே கேட்டு வாங்க வேண்டும். லாரி போகும் சுரங்கப்பாதைக்கு 5.5 மீட்டர், சிறு வாகனத்துக்கு 4 மீட்டர் என்பது நெடுஞ்சாலைக் கணக்கு. செலவைக் குறைக்கச் சின்னதையே வரைவார்கள். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் அதில் நுழையுமா? பாதையைப் பள்ளம் தோண்டி இறக்கவும் விடாதீர்கள். ஊற்றெடுக்கும் நஞ்சையில் அது ஒரே மழையில் குளமாகிவிடும். சாலைதான் மேலே ஏற வேண்டும், நம் பாதை தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும்.

பாதையைப் போலவே வாய்க்காலையும் காக்க வேண்டும். 1895-இல் பெரியாறு அணை வந்தது. அந்தத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மண்மேடு போட்டு ஒரு வாய்க்காலை அடைத்தால் கடைமடை காயும், மேற்புறம் அழுகும். எனவே வாய்க்கால்தோறும் போதிய அகலத்தில் கண்பாலம் கேளுங்கள். குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்கு மேலே காடு. அங்கே அகலப்படுத்துவது தனிக் கேள்வி, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி நிலம் எடுப்பதற்கான 3ஏ அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து ஆட்சேபிக்க 21 நாள்தான். அதற்குள் பட்டாவைத் தேடி அலைந்தால் ஒன்றும் நடக்காது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு எதிராகச் சேலத்து விவசாயிகள் 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அரசு மீண்டும் நிலம் எடுக்க வழிவிட்டது. கோர்ட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது தோழர்களே.

இன்றே அடங்கலைப் பாருங்கள். பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம் வெறும் புன்செய் என்று பதிவாகியிருந்தால் உடனே திருத்துங்கள். கல்தூண், கம்பி, கிணறு, தென்னை எல்லாவற்றுக்கும் இழப்பீடு உண்டு. 2013 நிலமெடுப்புச் சட்டப்படி நிலத்துக்கும் அதன் மேலுள்ள உடைமைக்கும் கணக்கிடும் தொகையோடு அதே அளவு ஆறுதல் தொகையும் சேர வேண்டும். குத்தகைக்காரத் தோழர்களே, உங்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லையென்றால் உங்களைக் கேட்க நாதியிருக்காது. முதலில் பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு ஊரிலும் ஐந்து பேர் கிளம்புங்கள். எந்த விலக்கு, எந்த வாய்க்கால், எந்தக் களத்துப்பாதை என்று நடந்து பார்த்து, சர்வே எண்ணோடு எழுதுங்கள். கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் தேனி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர் ஊராக மனுவோடு வாருங்கள். பெண்கள் முன்னால் வரட்டும், அன்றாடம் அந்தச் சாலையைக் கடப்பவர்கள் அவர்கள்தான். மனு கொடுத்ததும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்!