வேலையை விட்டு டாக்டர் படிப்பு: பிரிட்டனில் அந்த முதல் வருடம் யாருக்கு எட்டும்?

28 வயது. கையில் ஒரு டிகிரி, சில வருட வேலை அனுபவம், மாதம் பிறந்தால் சம்பளம். அதையெல்லாம் விட்டுட்டு ‘டாக்டருக்குப் படிக்கப் போறேன்’ என்றால், நம்ம ஊரில் முதலில் வரும் கேள்வி ‘இனிமேலா?’ என்பதுதான். டிகிரி முடித்தவரும் இங்கே நீட் எழுதலாம். ஆனால் சீட் கிடைத்தால், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு உட்கார்ந்து ஐந்தரை வருடத்தையும் முழுசாக முடிக்க வேண்டும். ஏற்கெனவே படித்த படிப்புக்குத் தள்ளுபடி கிடையாது.

பிரிட்டனில் தள்ளுபடி உண்டு. ‘கிராஜுவேட் என்ட்ரி மெடிசின்’ என்று பெயர். வழக்கமாக 5 அல்லது 6 வருடம் எடுக்கும் மருத்துவப் படிப்பைப் பட்டதாரிகள் 4 வருடத்தில் முடிக்கலாம். லண்டன் செயின்ட் ஜார்ஜஸில் 2000-ல் தொடங்கியது. வாரிக் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை மட்டுமே சேர்க்கிறது. எந்தப் பாடத்தில் டிகிரி என்றாலும் ஓகே.

சரி, குறைத்த வருடம் எங்கே போனது? பெரும்பாலும் வெட்டு விழுவது ஆரம்பத்தில்தான். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் எல்லாம் மூச்சுவிட நேரமில்லாமல் வந்து விழும். ஒரே வகுப்பில் முன்னாள் பார்மசிஸ்ட்டும் இருப்பார், வரலாறு படித்தவரும் இருப்பார். ஒருவருக்கு ரிவிஷன், இன்னொருவருக்கு எல்லாமே புதுசு. நேற்றுவரை ஆபீஸில் நாலு பேருக்கு வேலை சொன்னவர், இன்று எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். (ஈகோவுக்கு இது நல்ல மருந்துதான்.)

ஆனால் பாடத்தைவிடப் பெரிய சிக்கல் பணம்.

இங்கிலாந்தில் இந்த 4 வருடப் படிப்புக்கு, முதல் வருடக் கட்டணத்தில் 3,465 பவுண்டை மாணவரே கட்ட வேண்டும். கிட்டத்தட்ட 4 லட்சம் ரூபாய். மீதிக்குத்தான் அரசுக் கல்விக்கடன். இரண்டாம் வருடத்திலிருந்து என்.எச்.எஸ். உதவித்தொகை கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கும். மிச்சத்துக்குக் கடன் கிடைக்கும். அதாவது, சம்பளம் நின்றுபோன, பார்ட் டைம் வேலைக்கும் நேரமில்லாத அந்த வருடத்தில்தான் கைக்காசு கேட்கிறார்கள். வாழ்க்கைச் செலவுக்குத் தனிக் கடன் உண்டு என்பது உண்மை. வாடகை, சாப்பாடு போக அதில் என்ன மிஞ்சும்?

இதே பட்டதாரி 5 வருடப் படிப்பில் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். முதல் 4 வருடத்துக்குக் கட்டணக் கடனே கிடையாது.

முதல் டிகிரிக்கே ஒருமுறை கடன் கொடுத்தாச்சு, மறுபடியும் எதுக்கு என்பது இதன் பின்னால் உள்ள கணக்கு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்த 3,465 பவுண்டை யாரும் இனாமாகக் கேட்கவில்லை; கடனோடு சேர்த்தால் போதும், பிற்பாடு சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். இப்போது நடப்பது என்னவென்றால், சேமிப்போ பெற்றோர் வசதியோ இருப்பவருக்கு இது ஒரு செக் எழுதும் விஷயம். சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுத்துவந்த நர்ஸுக்கு, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கதவு மூடிவிடுகிறது. ‘அனுபவசாலிகள் வரட்டும்’ என்று திறந்த வழியில், நோயாளியின் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவரே தடுக்கிவிழுகிறார்.

வேறு மாதிரியும் செய்யலாம். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், டண்டி பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2018-ல் தொடங்கிய ‘ஸ்காட்ஜெம்’ படிப்பில், விரும்புகிறவர்களுக்கு வருடம் 4,000 பவுண்டு உதவித்தொகை உண்டு. வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஈடாக ஸ்காட்லாந்து என்.எச்.எஸ்.ஸில் ஒரு வருடம் வேலை பார்க்க வேண்டும். அந்தப் பணம் முதல் வருடத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது.